மல்லாட்டை மில்லில் என் அண்ணி

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் ஒரு மல்லாட்டை மில் இருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அறுபதுகளின் தொடக்கம் அது. மில்லுக்குக் கரண்ட் வரவில்லை. கொட்டகை மூலையில் ஓர் ஆயில் எஞ்சின் நின்று உடைக்கிற மெஷினை ஓட்டும். உடைத்து வருகிற பருப்புக்குப் பயிறு என்று பேர். நானும் என் அண்ணன் மனைவியும் அங்கே பயிறு பொறுக்கினோம். சொத்தையையும் கல்லையும் தள்ளிவிட்டு நல்ல பயிறைக் கூடையில் போட வேண்டும். அண்ணி அப்போது பிள்ளைத்தாச்சி.

பெண்கள் மடியில் பயிறு கட்டிக்கொண்டு போகிறார்கள் என்பது முதலாளியின் தீராத கவலை. சிலர் கட்டிக்கொண்டு போனதும் உண்மைதான். அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்ததும் ஜன்னல்களில் தகரம் வைத்து ஆணி அடித்துவிட்டார். நாங்கள் உள்ளே போனதும் கதவைப் பூட்டி, சாவியை மேஸ்திரி இடுப்பில் செருகிக்கொள்வார். பயிறு நனையாது, திருட்டும் போகாது. எஞ்சினின் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மேஸ்திரி அதன்மேல் ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தார்.

மதியத்துக்குள் எல்லோருக்கும் தலை பிளக்கும். எழுந்தால் கால் துவளும். மேஸ்திரி மட்டும் அடிக்கடி வெளியே போய் பீடி குடித்துவிட்டு வருவார். அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஒருநாள் அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தாள். முதலாளி வந்து ஒரு குச்சியால் அதைக் கிளறிப் பார்த்தார்.

"வெள்ளையா இருக்குது பாரு. இன்னாடி தின்ன?"

"காலையில கூழு குடிச்சேன், மொதலாளி. தலை சுத்துது, அவ்ளோதான்."

"வயிறு முட்ட மல்லாட்டைய தின்னுட்டு தலை சுத்துதாம். எல்லாரும் கேட்டுக்குங்க. இனிமே எவ வாந்தி எடுத்தாலும் அவ திருடி."

அதன்பிறகு யாரும் வாந்தி எடுக்கவில்லை. வாய்க்கு வந்ததை விழுங்கினோம். "உன்னாலதான் எங்களுக்கும் கெட்ட பேரு" என்று பக்கத்தில் இருந்தவள் அண்ணியைத் திட்டினாள். தண்டனையாக அண்ணியை எஞ்சினை ஒட்டி, தனியாக உட்கார வைத்தார்கள்.

நான் மேஸ்திரியிடம் போனேன். "அந்த ஒரு தகரத்தயாவது பேத்து வுடுங்க. புள்ளத்தாச்சி, காத்து வரட்டும்."

"காத்து வேணும்னா மலை மேல போய் உக்காரு" என்றார்.

மறுநாள் மதியம் அண்ணி மூட்டையில் சாய்ந்து கிடந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். "மாசமா இருந்தா தூக்கம் இப்படித்தான் அசத்தும்" என்று ஒருத்தி சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். உள்ளே வந்த முதலாளி, "கூலி வாங்கிக்கினு தூங்கறா" என்று தவலைத் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தார். அவள் அசையவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கழுத்து என் கையில் தொங்கியது.

மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார். பிறகு அவள் சிவந்த கன்னத்தைப் பார்த்து, "வேலை செய்யற எடத்துல எஞ்சின் ஏதாவது ஓடுதா?" என்று கேட்டார்.

"இல்லிங்க. வெளியில உக்காந்துதான் பொறுக்கறாங்க" என்றார் கூட வந்த மேஸ்திரி.

"பொய்யிங்க" என்றேன். "எஞ்சின் பக்கத்துலதான் உக்கார வெச்சாங்க. ஜன்னலுக்கு ஆணி அடிச்சிட்டாங்க. கதவயும் பூட்டிடறாங்க."

டாக்டர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "எஞ்சின் புகையில ஒரு விஷ வாயு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. மூடின எடத்துல ஆளைக் கொன்னுடும். குழாயைக் கூரைக்கு மேல கொண்டுபோகச் சொல்லுங்க. ஜன்னலை இன்னிக்கே திறங்க."

மேஸ்திரி தலையாட்டினார். ஊருக்குள் போய், பிள்ளைத்தாச்சிக்கு வலிப்பு வந்துவிட்டது என்று சொன்னார். முதலாளியும் அதையே சொன்னார். டாக்டர் சொன்னதை நான் அண்ணனிடம் சொன்னபோது, "வாய மூடு. நாளைக்கி அவரு மூஞ்சிலதான் முழிக்கணும்" என்றான். அவனுக்கும் அந்த மில்லில்தான் மூட்டை தூக்கும் வேலை. காரியம் முடிந்த மறுநாளே போய் மூட்டை தூக்கினான். என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். எங்கள் இருவர் இடத்துக்கும் பக்கத்து ஊர் வல்லத்திலிருந்து பெண்களைக் கூட்டி வந்தார்கள். ஜன்னல் திறக்கவில்லை.

பொங்கல் கழிந்து பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வியாபாரி லாரியோடு வந்தார். நாலு பயிறை வாயில் போட்டு மென்று துப்பினார். "புகை நாத்தம் அடிக்குது. எனக்கு வேணாம்" என்று வெறும் லாரியோடு திரும்பிப் போனார். மறுநாள் காலை கொத்தனார் வந்தார். சாயங்காலத்துக்குள் புதுக்குழாய் கூரைக்கு மேலே போய்விட்டது, தகரமெல்லாம் கழன்றுவிட்டது, எஞ்சினைச் சுற்றிச் சுவரும் எழும்பிவிட்டது. ஒரே பகல் வேலை.

மூட்டைகளைத் திரும்பப் பொறுக்கிக் காயவைக்க ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டில் அரிசி இல்லை, போனேன். பகல் முழுக்கப் பொறுக்கியும் தலை வலிக்கவில்லை. அன்று எனக்கு வந்த ஆத்திரம் அண்ணியைப் புதைத்த அன்றுகூட வரவில்லை.

வியாபாரி மறுபடி வந்தபோது முதலாளி கொட்டகையைச் சுற்றிக் காட்டினார். "பொம்பளைங்க வேலை செய்யற எடம். காத்தோட்டம் இல்லன்னா பாவம் இல்லியா?"

"நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றபடி வியாபாரி என் கூடையில் கையை விட்டு ஒரு பிடி பயிறை அள்ளி மோந்து பார்த்தார். அவர் எடுத்து முடிக்கும்வரை கூடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.