ஏரித் தண்ணீரில் குளித்த கார்

எங்கள் பழைய காரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு அணையவே மாட்டேன் என்றது. பொன்னேரி மெக்கானிக் இரண்டு முறை சென்சார் மாற்றினார். சில நாளில் மறுபடியும் எரியும்.

இன்று மகனோடு போய், கடையில் இருந்த எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"பழச துடைச்சு மாட்டிட்டு புதுசுன்றியா? எங்கள இன்னான்னு நெனச்ச?"

அவர் பானெட்டைத் திறந்தார். சென்சாருக்குப் போகும் ஒயரைக் கழற்றிக் காட்டினார். முனை முழுக்கப் பச்சைக் களிம்பு.

"இன்ஜின்ல உப்புத் தண்ணி ஊத்துனது யாரு ஆயா?"

நான்தான். தினமும் காலையில் எங்கள் படகைக் கழுவுகிற கையோடு, பானெட்டைத் திறந்து காருக்கும் கடல் கலக்கும் எங்கள் ஏரியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். இவ்வளவு சுத்தமான வண்டி பழவேற்காட்டிலேயே கிடையாது என்று பெருமை வேறு.

ஆனால் வாய் திறக்கவில்லை. மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"நான்தாண்ணா. தெரியாம ஊத்திட்டேன்" என்றான்.

"இவ்ளோ வயசாவுது, அறிவு வேணாம்?" என்று அத்தனை பேர் முன்னாலும் அவனுக்கு விழுந்தது. பழி போட்டதற்கு நான் மெக்கானிக்கிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.

நாளைக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். தனியாகப் போகக் கால் வரவில்லை. யாராவது கூட வருகிறீர்களா? காரில் இடம் இருக்கிறது, அவர் களிம்பைச் சுரண்டிவிட்டதில் விளக்கும் இப்போது எரிவதில்லை.