மாப்பிள்ளை காருக்கு ஒரு செட்

என் காரில் பாட்டு இல்லை என்றார்கள். கார் ஓடாது என்று சொல்லவில்லை. கதவு பூட்டாது என்று சொல்லவில்லை. மழைக்கு ஒழுகும் என்றும் சொல்லவில்லை. பாட்டு இல்லையாம். அதனால் என் சொந்தத் தங்கச்சியைக் கட்டப்போகிற மாப்பிள்ளை என் காரில் வரமாட்டாராம்.

இதை வந்து சொன்னவர் மாப்பிள்ளையின் மாமா. பாலமுனையிலிருந்து பஸ்ஸில் வந்து, கல்முனையில் எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, உம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி கோவிக்கப்படா. மாப்பிள்ளட கூட்டாளிமார் ஒரே பிடியா நிக்கிறானுகள். நிந்தவூர்ல ஒருத்தன் சவூதிக் காசில காரெடுத்து செட் பூட்டியிரிக்கானாம். முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ரெண்டு ஸ்பீக்கராம். அதிலதான் மாப்பிள்ள வரோணுமாம்."

"அப்ப என்ட கார்?"

"உங்கட காருக்கென்ன, நல்ல கார். சட்டி பானை ஏத்த ஒரு வாகனம் வேணும்தானே."

சட்டி பானை! எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்து அங்கேயே குடியிருப்பார். அதனால் அவர் வந்து இறங்குவதுதான் கலியாணத்தின் பெரிய விஷயம். வாப்பா இந்தப் பழைய ஏ போட்டி (A40) இங்கிலாந்துக் காரை வாடகைக்கு ஓட்டியவர். ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைமாரை எத்தனையோ வாசல்களில் கொண்டுபோய் இறக்கியது இந்தக் கார். வாப்பா மௌத்தான பிறகு நான் ஓட்டுகிறேன். வாப்பா இல்லாத வீட்டில், வாப்பாவுடைய காரிலாவது மாப்பிள்ளை வந்து இறங்கட்டும் என்று நான் நினைத்தது ஒரு பெரிய ஆசையா?

எனக்கு வாய் முந்திவிட்டது. "பாட்டுத்தானே வேணும்? கலியாணத்தண்டு பாட்டு இரிக்கும். மத்தக் காரப் பேசாதீங்க" என்றேன்.

அவர் போனதும் கதிரையில் சாய்ந்துவிட்டேன். நான் அப்படித்தான். சொல்லும்போது வீரன், சொல்லி முடித்ததும் நோயாளி. கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. கையில் இருந்தது இரண்டு டயருக்கென்று ஒதுக்கி வைத்த காசு மட்டும்.

வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் வந்து குவியத் தொடங்கிய காலம் அது. கல்முனைக் கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் ஜப்பான் செட்டுகள் வரிசையாக இருந்தன. நான் ஒரு கிழமை, ஏழு நாளும், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று விலைகளைப் பார்த்தேன். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன், வெட்டினேன், திரும்ப எழுதினேன். டயர்க் காசுக்கு நல்ல செட் ஒன்றும் சாதாரண ஸ்பீக்கர் இரண்டும் வாங்கலாம், ஆனால் சத்தம் பெரிதாக வராது. நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம், ஆனால் அதைப் பேச வைக்கச் செட் இராது.

என் அக்கா ராத்தாவின் புருஷன், என் மச்சான், சொன்னார்: "பெரிய ஸ்பீக்கரா ரெண்டு வாங்கி பின் கண்ணாடியில தெரியிற மாதிரி வை. ஆர் காதால கேக்கப் போறான்? கண்ணாலதான் பாப்பானுகள்."

"பாட்டு?"

"அது கிடக்கு."

எனக்கு அந்த யோசனை சரிவரவில்லை. பார்க்கப் பெரிதாக இருந்து நாலு மைல் போகமுன் கரகரத்தால் பாலமுனைக்காரர் சும்மா விடுவார்களா? நான் வேறு வழி யோசித்தேன். செட் நல்லதாக ஒன்று. ஸ்பீக்கர் சாதாரணமாக இரண்டு. சத்தத்தைக் கூட்டுகிற அம்பிளி வேண்டாம், அது பற்றறியைக் குடித்துவிடும். அதற்குப் பதில், தேயிலை வருகிற பலகைப் பெட்டி இரண்டைச் சில்லறைக் கடையில் கேட்டு வாங்கி, அந்தப் பலகையில் ஸ்பீக்கருக்குக் கூடு அடித்துப் பின் சீற்றுக்கு மேலே வைப்பது. கூடு இருந்தால் சின்ன ஸ்பீக்கரும் நெஞ்சால் பாடும். கார் என்பது எவ்வளவு இடம்? அதை நிரப்ப இது போதும். இந்தக் கணக்கு எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததல்ல.

செட் வாங்கப் போனபோது கடைக்காரர் என் சட்டையைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என் காரைப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு கைறேடியோவ சீற்றில வெச்சாப் போதுமே தம்பி."

என்னிடமே காசை வாங்கிக்கொண்டு என் காரையே பழித்தார். காசில் ஒரு குறையும் அவருக்குத் தெரியவில்லை.

செட்டோடு ஒரு படத்தாள் இருந்தது. அதில் இருந்த இங்கிலீஷ் எனக்கு விளங்காது. ஆனால் படம் விளங்கியது. செட்டின் இரும்புக் கூட்டைக் காரின் இரும்போடு சேர்த்து, அங்கே கழித்தல் குறி போட்டிருந்தது. தாளை அப்படியே மடித்தேன். ஏனென்றால் என் காரில் பற்றறியின் கூட்டல் முனைதான் இரும்போடு கட்டியிருந்தது. பழைய இங்கிலாந்துக் கார்கள் பல அப்படித்தான். பற்றறி மாற்றும் ஒவ்வொரு முறையும் வாப்பா "பிளஸ் இரும்புக்கு, பிளஸ் இரும்புக்கு" என்று சொல்லிச் சொல்லித்தான் கட்டுவார். இரண்டும் தலைகீழ். பூட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நல்லது ஒன்றும் ஆகாது என்று தெரியும்.

கார்களுக்கு வயர் பூட்டுகிற, ஊரில் பேர்போன வயரிங் பாஸிடம் காரைக் கொண்டுபோனேன். கொழும்பில் இரண்டு வருஷம் இந்த வேலை படித்து வந்தவர். அவருடைய கொட்டிலுக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே எப்போதும் நாலு பேர், வேலையைப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல.

"பாஸ், இந்தக் காருல பிளஸ்தான் இரும்போட கட்டியிரிக்கு. செட்டுல மைனஸ் எண்டு போட்டிரிக்கு" என்றேன்.

பாஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனைக் கூப்பிடுகிற 'காக்கா' மட்டும் வாயில் இருந்தது. "காக்கா எத்தினாம் வகுப்பு மட்டும் படிச்ச?"

"ஏழு."

"நான் ரெண்டு வருஷம் இதுதான் படிச்ச. கார் எண்டா இரும்புக்கு மைனஸ். உலகம் முழுக்க அப்படித்தான்."

தேத்தண்ணிக் கடை சிரித்தது. கழித்தல் குறியை ஏழாம் வகுப்புக்கு எவ்வளவோ முன்னமே படிப்பித்துவிடுகிறார்கள்.

அவர் சிவப்பு வயரைக் கையில் எடுத்தபோது இரண்டாம் முறை கேட்டேன். "பாஸ், பற்றறிய ஒருக்காப் பாத்தா என்ன?"

"ஏழாம் வகுப்பு, கொஞ்சம் அங்கால நில்லுங்க. நிழல் விழுது."

இன்னும் பெரிய சிரிப்பு. மூன்றாம் முறை கேட்க வாயைத் திறந்தேன். நாலு கிளாசுகளுக்கு மேலால் நாலு சோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. வாயை மூடிக்கொண்டேன்.

வயர் பட்டதும் செட்டுக்குள்ளே "டிக்" என்று ஒரு சத்தம். பிறகு முன் கண்ணாடிக்குக் கீழே மெல்லிய வெள்ளைப் புகை. டயர்க் காசு எரிகிற மணம் எனக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

பாஸ் சொன்னார்: "கார் பழசு காக்கா. பழைய காருக்குப் புதுச் சாமான் பிடிக்காது."

செட்டைத் திருப்பிக் கொண்டுபோனால், விற்ற கடைக்காரர் சொன்னார்: "புகை வந்த சாமான நாங்க திருப்பி எடுக்கிறல்ல."

இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள், நான் ஏதோ வேண்டுமென்று செய்தவன் மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர்கள் மேல். மற்றப் பாதி என் மேல். இரண்டு தரம் கேட்டவனுக்கு மூன்றாம் தரம் கேட்க என்ன வந்தது? சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பற்றறி மூடியை நானே தூக்கிக் காட்டியிருக்கலாமே.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. பாலமுனையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள், பாட்டு ஆயத்தமா என்று. ஆயத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, செட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கல்முனையில் றேடியோ திருத்துகிற ஒருவரிடம் போனேன். கிறிஸ்தவத் தமிழர், என் வயதுதான் இருக்கும். அதிகம் கதைக்க மாட்டார். செட்டைத் திறந்து, கருகிய ஒரு சின்னத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"உங்கட காரில பிளஸா இரும்போட? பிளஸ் ஏர்த்தா?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. "ஓம்! நான் சொன்ன நான்! ரெண்டு தரம் சொன்ன நான்!"

"என்னட்டச் சொல்லேல்லயே" என்றார் அவர், சிரிக்காமல்.

செத்தது அந்தத் துண்டு மட்டும்தான். மற்றதெல்லாம் உயிரோடு இருந்தது. மாற்றித் தந்தார். வயரைத் தலைகீழாக மாற்றிக் கட்டலாம், ஆனால் அப்படிக் கட்டினால் செட்டின் இரும்புக் கூடு காரின் இரும்பில் ஒரு இடத்திலும் முட்டக்கூடாது, முட்டினால் நெருப்புத்தான் என்றார். வயரின் நடுவில் ஒரு பியூஸ் போடச் சொன்னார். நான் ஒன்றல்ல, பத்து பியூஸ் வாங்கினேன். மிஞ்சிய தேயிலைப் பலகையில் செட்டுக்கும் ஒரு கூடு அடித்து, பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, செட்டின் இரும்பு முகம் மட்டும் வெளியே தெரிய, முன் கண்ணாடிக்குக் கீழே தொட்டில் மாதிரி ஆடாமல் இறுக்கி, வயரை மாற்றிக் கட்டிப் பூட்டினேன். நானேதான். பாட்டு வந்தது. நெஞ்சால் பாடியது.

கலியாணத்தன்று அசர் தொழுகைக்குப் பிறகு பாலமுனையிலிருந்து புறப்பட்டோம். பின்னால் மாப்பிள்ளையும் மாமாவும். முன்னால் என் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன், மடியில் வெள்ளிநிறப் பன்னீர்ச் செம்பு.

"தம்பி, செட்டுல கை வெக்கப்படா" என்றேன்.

"என்ன காக்கா, கடிக்குமா?"

இஸ்லாமியப் பாட்டுக் கசட் ஓடியது. பள்ளிவாசலைக் கண்டால் பாட்டை நிறுத்துவது எங்கள் வழக்கம். தாண்டியதும் திரும்பப் போடுவேன். ஒலுவில், நிந்தவூர் என்று வழி நெடுகப் பள்ளிகள்.

"பாட்டுப் பாதி, பள்ளி பாதி" என்றான் தோழன். "ஒரு பாட்டையாவது முழுசாக் கேக்க உடுங்களன்."

"பள்ளியக் குறைக்கச் சொல்லுறியா?" என்றார் மாமா பின்னாலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

எங்கள் தெருவுக்கு முன்னால் கடைசிப் பள்ளிவாசல். நிறுத்தக் கை நீட்டுகிறேன், ஒரு பொறி பறந்தது, பாட்டு தானாக நின்றது. தோழன் மடி நோகுதென்று பன்னீர்ச் செம்பை எடுத்துச் செட்டுக்கும் காரின் இரும்புக்கும் நடுவில் செருகியிருந்தான்.

"பாருங்க, பள்ளியக் கண்டா தானா நிக்கிது" என்றார் மாமா, மெச்சுகிற குரலில்.

பள்ளி போய்விட்டது. பாட்டு வரவில்லை.

"என்ன, பள்ளி இன்னும் முடியல்லயா?" என்றான் தோழன்.

"இதுக்குத்தான் அந்த நிந்தவூர்க் காரச் சொன்ன" என்றார் மாமா. அந்தக் குரலில் இப்போது மெச்சல் இல்லை.

நான் காரை ஓரம் கட்டினேன். செம்பைப் பிடுங்கித் தோழன் கையில் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பியூஸை எடுத்தேன். பத்து எதற்கு என்று உம்மா கேட்டிருந்தா. எரிந்ததைக் கழற்றி இதைப் போட்டேன். பாட்டு விட்ட இடத்திலிருந்து எழும்பியது.

பின்னாலிருந்து மாப்பிள்ளை முதல்முறையாக வாய் திறந்தார். "மச்சான், அவன்ட கையையும் சேத்துக் கட்டி வைங்க. நான் பாட்டுக் கேக்கவே இல்ல, இவனுகள்தான் கேட்ட."

அதை இரண்டு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் நான் டயர் வாங்கியிருப்பேன்! ஆனால் மாப்பிள்ளையிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

பாட்டோடு தெருவுக்குள் திரும்பினேன். பாட்டோடு வாசலில் நிறுத்தினேன். சாரதிப் பக்கத்துக் கதவால் இறங்கி, வீட்டு வாசலுக்கு ஓடி, தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு, பெண்ணின் சகோதரனாக மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன். வழக்கப்படி அவர் என் விரலில் மோதிரம் போட்டார். விரலில் பியூஸ் மாற்றிய கறுப்பு இருந்தது. பள்ளிக்குப் பிறகு பாட்டு வராத நேரத்தில், வீட்டுக்குள் காது கொடுத்துக்கொண்டிருந்த தான் ஜன்னலடிக்கு எழும்பி ஓடினதாகத் தங்கச்சி பிறகு சொன்னா.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். விருந்தில் கறிச்சட்டியோடு சஹன் சஹனாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரே பெரிய தட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற ஒரு சஹனில் வயரிங் பாஸ் இருந்தார். கலியாணத்துக்கு ஊரில் எல்லாருக்கும் சொன்னதுதான், அவருக்கும் சொல்லியிருந்தோம். பக்கத்தில் இருந்த பாலமுனைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தச் செட்டா? அது நான் பூட்டின."

நான் அவருக்கு மேலால் குனிந்து நின்றேன். இந்த முறை ஆர் பார்த்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

"பாஸ், மூணாம் தரம் கேக்கிறன். பிளஸ் எங்க கட்டின நீங்க?"

சஹனில் ஆறு கைகளும் நின்றன. பாஸ் என்னைப் பார்த்தார், பிறகு சோற்றைப் பார்த்தார்.

"காக்கா" என்றார், "இறைச்சி கொஞ்சம் போடுங்களன்."

தங்கச்சியின் கலியாணத்தில் கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல முடியாது. போட்டேன். சட்டியைக் கரண்டியால் நன்றாகக் கிளறி, எலும்பாகப் பார்த்துப் போட்டேன்.