இரத்தினம்மாவுக்குப் பயம் ஏற்றிய ஊசி

மயிலிட்டி இரத்தினம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. கோப்பாய்ச் சந்தையடியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பனையோலை மீன் கடகத்தைக் கீழே வைத்தாளென்றால் அவள் சொன்னதுதான் விலை. ஆஸ்பத்திரியில் ஒரு வாட்டுக்கே பொறுப்பான நேர்ஸ் நான்; மியூரியல் மிசி வாறா என்றால் டொக்டர்மாரே கொஞ்சம் ஒதுங்குவார்கள். அவளிடம் மீன் வாங்கும்போது மட்டும் என் வாய் எடுபடாது.

அறுபத்தெட்டாம் ஆண்டு கந்தசட்டி விரத நாளொன்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பெண்டிக்ஸ், உடனே வெட்டியாக வேண்டும். கூட வந்த மகள் குணலட்சுமி விம்மி விம்மி அழுதாள்.

"ஏனடி அழுகிறாய்? வயித்தைத்தானே வெட்டப் போகினம், கழுத்தை இல்லையே!" என்று அதட்டினாள் தாய்.

சத்திரசிகிச்சை டொக்டர் செல்வரட்ணம், "மருந்து ஏதும் குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டார்.

"பச்சைத் தண்ணிகூடப் படேல்லை ஐயா. சட்டி விரதம்."

மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிறுதான் நல்லது. டொக்டருக்குச் சந்தோசம். ஒப்பரேசனும் ஒரு தொல்லையும் இல்லாமல் முடிந்தது.

வாட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பிறசர் விழத் தொடங்கியது. சேலைன் ஏறிக்கொண்டே இருந்தது, பிறசர் ஏறவில்லை. சந்தையையே அதிரவைக்கும் மனுசி குளிர்ந்துபோய், கூப்பிட்டாலும் குரல் தராமல் கிடந்தாள். உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று டொக்டர் வயிற்றைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். மறுபடி வெட்டித் திறக்கலாமா என்று யோசித்தார். இந்த நிலையில் இன்னொரு முறை மேசையில் ஏற்றினால் ஆள் மிஞ்சாது.

பிறசர் பார்க்கக் கட்டியிருந்த பட்டியை அவிழ்த்தேன். பட்டி இறுகிய இடமெல்லாம் ஊதா நிறமாய்க் கன்றியிருந்தது. கையும் காலும் குச்சி, முகம் மட்டும் ஊதி உருண்டிருந்தது. ஒருவகை மாத்திரையைக் கனகாலம் விழுங்கியவர்களில் இதே கோலத்தைக் கண்டிருக்கிறேன். எனக்குப் பொறி தட்டியது.

"குணலட்சுமி, இஞ்சை வா! கொம்மா என்ன குளிசை போடுறவ? மறைக்காமல் சொல்லு!"

"மூட்டு வருத்தத்துக்கு ஒரு சின்னக் குளிசை மிசி, கனகாலமாய்ப் போடுறவ. விரதம் தொடங்கினவுடனை விட்டிட்டா. குளிசை விழுங்கினால் விரதம் முறிஞ்சு போமாம்."

"அட கடவுளே!" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்டே திரும்பிப் பார்த்தது.

டொக்டருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "ஹைட்ரோகோர்ட்டிசோன்!" என்றார். ஊசியை நானே போட்டேன். கொஞ்ச நேரத்தில் பிறசர் மெல்ல ஏறியது, பிறகு விழவே இல்லை. நான் வெட்கத்தை விட்டு அழுதேன்.

எழும்பி உட்கார்ந்ததும் இரத்தினம்மா சண்டைக்கு வந்தாள். "நான் ஒரு சொட்டும் பயப்படேல்லை. பயந்த ஆக்களுக்குத்தானே உடம்பு குளிரும், பிறகேன் எனக்கு உது வந்தது?"

டொக்டர் கட்டிலடியில் உட்கார்ந்தார். "நீங்கள் பயப்படாட்டிலும் உங்கடை உடம்பு பயப்பட வேணும் அம்மா."

ஆள் மயக்கத்தில் கிடந்தாலும் கத்தி பட்டது உடம்புக்குத் தெரியும் என்றார். சிறுநீரகங்களின் தலையில் குந்தியிருக்கும் இரண்டு சின்னச் சுரப்பிகள் உடனே விழித்து, கோர்ட்டிசோல் என்ற சாற்றை வழக்கத்தைவிடப் பல மடங்கு இரத்தத்தில் விடும். பிறசரைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. இவள் விழுங்கிய குளிசையும் நான் போட்ட ஊசியும் அதே இனம்தான். கேட்காமலே குளிசை வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் சுரப்பிகள் தூங்கிப் போய்விட்டன. விரதத்துக்காகக் குளிசையும் நின்றது, கத்தியும் பட்டது. உடம்பில் அந்தச் சாறு ஒரு சொட்டும் இல்லை.

இரத்தினம்மா மோவாயில் கைவைத்துக் கேட்டாள். "அப்ப எனக்கு இல்லாத பயத்தை நீங்கள் ஊசியிலை ஏத்தினியள்?"

"ஓம், அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ."

அதன்பின் எந்த விரதத்திலும் குளிசையை அவள் விட்டதில்லை. விரதம் முறியாதோ என்று சீண்டினேன். "முருகனிட்டைக் கேட்டனான் மிசி, அவர் மறுத்து ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரி நான், என்னத்தைச் சொல்ல!

எழுபத்தொன்பதில் பழைய தையலடியில் குடல் பிதுங்கி மறுபடி வந்தாள். இந்த முறை இளம் டொக்டர் ஒருவர். ஒப்பரேசன் அறை வாசலில் தள்ளுவண்டி போனதும் இரத்தினம்மா கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி நின்றது.

டொக்டர் குனிந்து, "பயப்படாதேங்கோ அம்மா" என்றார், அன்பாக.

"பயப்படாமல் உள்ளுக்குப் போனால் செத்துப்போவன் தம்பி! முதல்லை எனக்குப் பயத்தை ஏத்துங்கோ!"

டொக்டர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையில் ஆயத்தமாய் வைத்திருந்த ஊசியை உயர்த்திக் காட்டினேன். அது தன் கையில் ஏறி முடிந்த பிறகுதான் இரத்தினம்மா கதவை விட்டாள்.