தூ டுக் வயலில் விழுந்த விமானம்

நான் காரைக்காலிலிருந்து சைகோனுக்குப் போய், டான் சோன் நாட் விமானத் தளத்தில் பிரெஞ்சுப் படைக்கு லாரி ஓட்டிய காலம் அது. ஒரு நாள் சைகோனை அடுத்த தூ டுக் பக்கம் போகையில், பயிற்சிக்குப் புறப்பட்ட குண்டுவீச்சு விமானம் ஒன்று புகை கக்கியபடி தாழ்ந்து வந்தது. சந்தைக் கூரைகளைத் தாண்டும்வரை விமானி எப்படியோ சமாளித்து, அதை வயலில் இறக்கினார். இறக்கை தீப்பிடித்தது.

லாரியை நிறுத்திவிட்டு ஓடினேன். வெடித்துவிடுமோ என்ற பயத்தில் வரப்பிலேயே நின்றுவிட்டேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த வியட்நாமியப் பெண் ஒருத்தி சேற்றில் விழுந்தடித்து விமானத்தை நோக்கி ஓடினாள். அவளைப் பார்த்துத்தான் நானும் இறங்கினேன். உள்ளே இருந்த மூவரையும் இழுத்து வந்து கிடத்தினோம். விமானி இறந்திருந்தார். மற்ற இருவருக்கும் உயிர் இருந்தது. சற்று நேரத்தில் விமானம் வெடித்தது.

"எங்க வீட்டையும் இவங்கதான் குண்டு போட்டு எரிச்சாங்க" என்று அவள் தன் மொழியில் சொன்னாள். அங்கே இருந்ததில் எனக்கும் அது ஓரளவு பழகியிருந்தது.

"அப்புறம் ஏம்மா உள்ள போனீங்க?"

"ஒருத்தன் 'மா, மா'ன்னு கத்தினானே. கேட்டுட்டு எப்படி நிக்கிறது?"

அவன் பிரெஞ்சில் 'மமான்' என்று கத்தியிருந்தான். அவள் மொழியிலும் தாய்க்கு 'மா' என்றுதான் பெயர்.

அவள் குனிந்து, இறந்துபோன விமானியின் முகத்திலிருந்த சேற்றை முந்தியால் துடைப்பதுபோல் தன் சட்டை நுனியால் துடைத்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அப்படி ஒரு மனுஷியை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.