நான் காக்கவிடாத துடக்கு

எங்கள் குடும்பத்தின் மூத்தவரான அண்ணா கொடிகாமத்தில் பிறந்தவர். இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர், குவேக்கர்ஸ் ஹில்லில் என் வீட்டு வாசலில் கார் கழுவும் அமைதியான மனிதராகவே அவரை அறிவீர்கள். இடப்பெயர்வின்போது அண்ணியையும் ஆறு வயது மகன் குமரனையும் எறிகணைக்குப் பறிகொடுத்தவர் அவர். பிறகு கனடாவுக்குப் போனார். அங்கும் நம்மவர்கள் பக்கம் நிற்காமல், இனுவிட் மக்கள் வாழும் வடகோடிக் கடற்கரை ஊரொன்றில் மின்நிலைய மெக்கானிக்காகச் சேர்ந்தார். மரமே முளைக்காத ஊர். “உங்களுக்கென்ன விசரே?” என்று போனில் ஏசினேன்.

அவரோடு வேலை செய்தவரின் மனைவி லேயா. தனக்கு ஆண்குழந்தை பிறந்ததும் அண்ணாவிடம் வந்து, இறந்த மகனின் பெயரைக் கேட்டுவாங்கிப் பிள்ளைக்கு வைத்தார். அந்த மக்களின் நம்பிக்கையில், பெயரைச் சுமக்கும் குழந்தையாக இறந்தவரே திரும்பி வருகிறார். இறந்தவரின் உறவெல்லாம் குழந்தைக்கும் உறவு. பேச்சு வந்த நாள் முதல் இந்தக் குமரன் தங்கள் மொழியில் அண்ணாவை அப்பா என்றே அழைத்தான். பத்து வயதில் தான் வேட்டையாடிய முதல் கடல்நாயை, முறைப்படி தனக்கென ஒரு துண்டும் வைக்காமல் ஊருக்குப் பகிர்ந்தான். முதற்பங்கு அண்ணாவுக்கு. அன்று வெள்ளிக்கிழமை. விரதம் தவறாத அண்ணா அந்தப் பச்சை இறைச்சியைச் சாப்பிட்டாராம். “வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் அதை எப்பிடித் திண்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“பிள்ளை தந்தால் தகப்பன் தின்னாமல் விடுறதே?” என்றார்.

என் கணவர் இறந்தபோது, “எனக்கும் சுபாவுக்கும் ஆர் இருக்கினம்?” என்று அழுது நான்தான் அவரை இங்கே கூப்பிட்டேன். வந்தார். என் மகள் சுபாவை வளர்த்தார். சனிக்கிழமைகளில் குமரனோடு வீடியோவில் பேசுவார்.

மேய்ஸ் ஹில் கோயிலில் சுபாவின் திருமணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. லேயா அழைத்தார். முன்பெல்லாம் அந்த நாளில் இறுகிவிடும் கடல் இப்போது பிந்தித்தான் உறைகிறதாம். வேட்டைக்குப் போன குமரன் பனி உடைந்து உள்ளே போய்விட்டான். பத்தொன்பது வயது. உடல் கிடைக்கவில்லை.

அண்ணா தலைமுழுகிவிட்டு வந்தார். “தங்கச்சி, எனக்கு மகன் செத்த துடக்கு. முப்பத்தொரு நாளைக்குக் கோயிலுக்கு வரமாட்டன். அந்தியேட்டிக் கிரியைக்கு ஐயரோட கதை.”

“ஆரோ பெத்த பிள்ளைக்கு உங்களுக்கென்ன துடக்கு? தாய்மாமன் நிக்காட்டி சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?”

அண்ணா “சரி” என்றார். பட்டுவேட்டி கட்டி வாசலில் நின்று, “வாங்கோ, வாங்கோ” என்று உங்களையெல்லாம் கைகூப்பி வரவேற்றார். கல்யாண வீடியோவில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார். அந்தியேட்டியும் நடக்கவில்லை.

அதன்பின் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கப் பழகினார். நான் கேட்டால் பசியில்லை என்பார். நான்காம் மாதம் இதயம் நின்றது. நான் கொன்றேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தகப்பன் அழவேண்டிய நாளில் அவரைச் சிரிக்க வைத்தேன், அதை இனி எதைச் செய்தும் திருத்த முடியாது. அவர் பெயரைச் சுமக்கவும் லேயா வீட்டில் இனிக் குழந்தை இல்லை. குமரன் லேயாவுக்கு ஒரே பிள்ளை.

அண்ணாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செத்தவீட்டன்று சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், மெல்பேர்னிலிருந்து கார் ஓட்டி வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர்களில் ஸ்பிரிங்வேல் மச்சாள் ஒரு மாதமாக என்னைத் தனியே விடவில்லை. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அண்ணாவின் மரணத்தைச் சொல்ல லேயாவையும் அழைத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: குமரனுக்குத் தகப்பன் உங்கள் முறைப்படி எல்லாம் செய்தாரா?

செய்தார், ஒன்றும் குறைவிடவில்லை என்றேன்.

செய்ய விட்டதற்காக லேயா அழுதழுது எனக்கு நன்றி சொன்னார்.