அப்பா சொல்லாத வாக்குமூலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதிகாரம் உள்ளவர் எதைக் கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "ஆமாங்க." கேள்வி முடியும் முன்பே தலைத்துண்டு கைக்கு வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஹட்டனில் எஸ்.எஸ்.சி. படித்த காலத்தில் அப்பாவின் 'ஆமாங்க'வைக் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

ஒருநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லோரும் கூடி நின்றபோது, பிந்தி வந்த ஒரு பெண்ணை அடிக்க, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கம்பை ஓங்கினார். அப்பா குறுக்கே போய்க் கம்பைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. தன்னை அப்பா அடித்துவிட்டதாகக் கண்டாக்கு பொலிஸில் முறையிட்டார். குற்றம் உறுதியானால் அப்பாவுக்கு வேலை போகும். வேலை போனால் தோட்டத்து லய வரிசையில் நாங்கள் குடியிருந்த காம்பராவும் போகும்.

பொலிஸார் அப்பாவை டவுனுக்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவும் நானும் அடுத்த பஸ்ஸில் போனோம். ஸ்டேசனில் அப்பா தரையில் குந்தியிருக்க, கான்ஸ்டபிள் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"கண்டாக்கை அடிச்சியா?"

"ஆமாங்க."

"கோபத்துலதானே?"

"ஆமாங்க."

எனக்குப் பதறியது. "ஐயா, எங்க அப்பா அடிக்கலீங்க" என்றேன்.

"உன்னையா கேட்டேன்? பேசாம நில்லு."

கைநாட்டு வைக்கச் சொல்லும் முன்பே அப்பா பெருவிரலை மையில் ஒற்றிவிட்டார். அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் உள்ளறையிலிருந்து வந்தார். சிங்களவர், புதிதாக மாற்றலாகி வந்தவர். தமிழை மெதுவாக, ஆனால் தெளிவாகப் பேசினார்.

"அதுல என்ன எழுதியிருக்கு?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஐயா எழுதுனா சரியாத்தாங்க இருக்கும்."

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீங்கதானே இந்த ஸ்டேசனுக்கு இன்ஸ்பெக்டர்?"

"ஆமாங்க" என்றார் அப்பா.

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இந்த மனுசன! வீட்டுல நான் ஒண்ணு சொன்னா மட்டும் நூறு மறுப்பு வருது!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எழுதியதன் குறுக்கே கோடிழுத்துப் பக்கத்தில் கையெழுத்திட்டார். அப்பாவை எழுப்பி பெஞ்சில் உட்கார வைத்தார். அப்பா விளிம்பில் பாதிதான் உட்கார்ந்தார்.

"இனி நான் கேள்வி கேக்கமாட்டேன். காலையில நடந்தத நீங்களே சொல்லுங்க."

ஒரு பொலிஸ்காரர் அப்பாவை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அப்பா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல், அதைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வர நேரமாகிவிட்டது, வழியெல்லாம் மழை என்று எல்லாவற்றையும் சொன்னார். கான்ஸ்டபிள் சிங்களத்தில் எழுதினார். முடிந்ததும் இன்ஸ்பெக்டர் அவரையே அதை வரிவரியாகத் தமிழில் சொல்ல வைத்தார். கண்டாக்கு கீழே விழுந்ததாக ஒரு வரி வந்தது.

"விழலீங்க" என்றார் அப்பா. "கம்ப விட்டுட்டுத் திட்டிக்கிட்டே போனாருங்க."

அந்த வரி திருத்தப்பட்டது. அதன் பிறகுதான் கைநாட்டு. "மகள் படிச்சவங்கதானே? சாட்சிக்கு நீங்க போடுங்க" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். என் முழுப் பெயரையும் தமிழில் எழுதினேன்.

வழக்கமாகப் பொலிஸ் ஜீப் வந்தால் நேராகத் துரை பங்களாவுக்குத்தான் ஏறும். மறுநாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கீழ் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நடந்தே வந்தார். சப்பாத்து முழுக்கச் சேறு. கூடையோடு நின்ற பெண்களிடம் ஒவ்வொருவராக விசாரித்தார்.

"அடிச்சிருந்தா நாங்க ஏன் ஐயா மறைக்கப்போறோம்? பாத்துச் சந்தோசப்பட்டிருக்க மாட்டோமா!" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். பிந்தி வந்த பெண்ணும் பயப்படாமல் முன்னே வந்து நடந்ததைச் சொன்னாள்.

முறைப்பாடு அத்தோடு நின்றுபோனது. அடுத்த நாள் பெரட்டில் கண்டாக்கு அப்பாவின் பெயரைக் கூப்பிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்கு அனுப்பினார். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினார்.