படத்துக்குக் கீழே எழுதிய ஒரு வரி

தென்காசியில் தையல் வேலை பார்க்கும் எனக்குப் பென்சில் ஓவியம் என்றால் உயிர். என் படங்களை நாலு பேர் பார்க்கட்டும் என்று போன வருஷம் சொந்தமாக ஒரு இணையதளம் தொடங்கினேன்.

குற்றால சீசனில், ஐந்தருவி போகிற வழியில் மங்குஸ்தான் விற்ற ஒரு பெண்ணை வரைந்தேன். அவளுடைய இடது புருவத்தில் ஆழமான ஒரு தழும்பு. அதை அப்படியே கொண்டுவந்துவிட்டதில் எனக்கு ஒரே பெருமை.

“எதுக்குக்கா வரையுதிய?” என்று கேட்டாள்.

“சும்மாதான்” என்றேன்.

அன்றே படத்தை இணையதளத்தில் ஏற்றினேன். கீழே, பேச்சுவாக்கில் அவள் சொன்ன பெயரையும் கடை இருக்கும் இடத்தையும் எழுதினேன். நிறையப் பேர் அதைப் பகிர்ந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு அவளுக்குக் கொடுக்கப் போனேன். அவள் இல்லை. பக்கத்துக் கடைக்கார அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் கத்தினார்.

“நீங்க போட்ட படத்தப் பாத்துத்தான் அவ புருசன் அருவாளோட வந்தான். அவன் அடி தாங்காம சிவகிரியில இருந்து ஓடிவந்து இங்கன ஒளிஞ்சு கெடந்த புள்ளம்மா அது! நாங்க நாலு பேரு அவனப் புடிச்சு வச்சோம். கட்டுன சேலையோட ஓடிட்டா.”

நான் ரசித்து வரைந்த தழும்பு யார் போட்டது என்று அப்போதுதான் புரிந்தது. அங்கேயே நின்று, போனில் படத்தை அழித்தேன். பகிர்ந்தவர்களிடம் இருப்பதை என்ன செய்ய முடியும்?

இப்போதெல்லாம், “இணையத்தில் போடுவேன், சம்மதமா?” என்று கேட்காமல் எந்த முகத்தையும் வரைவதில்லை. பெயரும் இடமும் எழுதுவதே இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனாலும் அவள் எங்கே இருக்கிறாள் என்று நான் யாரிடமும் விசாரிப்பதில்லை.